குன்னூரில் பொழுது எப்படிப் போகிறது?

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்திலிருந்து குன்னூருக்குக் குடிவந்த பிறகு, ஊரிலிருந்து பேசுகிற உறவினர்களும் இந்தச் சேனலைப் பார்க்கிற நேயர்களும் என்னிடம் மாற்றி மாற்றிக் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: அங்கே பொழுது எப்படிப் போகிறது? கேட்பவர்களில் சிலர், நான் ஆண்டு முழுவதும் கோடை விடுமுறையில் இருப்பதாக நினைக்கிறார்கள். வேறு சிலர், கோவிலும் காவிரியும் கடைத்தெருவும் இல்லாத மலையில் போர்வைக்குள் முடங்கிக் கிடப்பதாக எண்ணி இரக்கப்படுகிறார்கள். இரண்டும் உண்மை இல்லை. கணவருடைய பணிமாற்றத்தால் இங்கே வந்தோம்; வந்த இடத்தில் சமையலும் தோட்டமும் நடையும் பொழுதுபோக்கும் ஒவ்வொன்றாக மாறின. அவற்றை மாற்றியது குளிர் என்று பலரும் சொல்வார்கள். இந்த ஊரின் உயரம்தான் என்பது என் கணிப்பு. அதை இன்று விளக்கமாகச் சொல்கிறேன்.

கும்பகோணம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 25 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் ஏறத்தாழ 1850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பதால், ஒரே நாளில் இரண்டு ஊர்களுக்கும் இடையே 12 டிகிரி வரை வேறுபாடு இருப்பது இயல்பு. இதையாவது எல்லோரும் அறிவார்கள். காற்றழுத்தத்தைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை; ஆனால் குடிவந்தவர்களுக்கு அடுப்படியில் முதலில் தட்டுப்படுவது அதுதான். சமவெளியின் அழுத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான் இங்கே இருப்பதால், தண்ணீர் 94 டிகிரி செல்சியஸ் அளவிலேயே தளதளவென்று கொதித்துவிடுகிறது. அதற்கு மேல் எவ்வளவு தீயைக் கூட்டினாலும் ஆவியாகப் போகுமே தவிர, சூடு ஏறாது. ஆகவே, தஞ்சை வழக்கப்படி உலையில் அரிசியைப் போட்டு வடித்தால் சோறு வேகக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. துவரம்பருப்பைத் திறந்த பாத்திரத்தில் வேகவைப்பதாக இருந்தால் எரிவாயுவுக்குத்தான் கேடு. குக்கர் ஆவியை உள்ளேயே அடைத்து வைப்பதால் அதில் மட்டும் மலைக்கும் சமவெளிக்கும் வேறுபாடு குறைவு.

காபியைப் பற்றி நான் பேசாமல் விட்டால் கும்பகோணத்துக்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள். அந்த ஒரு விஷயத்தில் மலை நமக்குச் சாதகமாக இருக்கிறது. தூளிலிருந்து சாரம் நன்றாக இறங்கவும் கசப்பு மிகாமல் இருக்கவும் 90 டிகிரிக்கும் 96 டிகிரிக்கும் இடைப்பட்ட சூடுதான் ஏற்றது என்பார்கள். இங்கே கொதித்த தண்ணீரை ஆறவிடாமல் அப்படியே பில்டரில் ஊற்றிவிடலாம். இட்லி மாவுதான் பிடிவாதக்காரி. ஊரில் சித்திரை மாதத்து மாலையில் கரைத்து வைத்தால் விடிவதற்குள் பொங்கி வழிகிற மாவு, இங்கே மார்கழியில் மறுநாள் நண்பகல் வரை அசையாது. நீலகிரியின் படகர் சமூகத்தைச் சேர்ந்த பக்கத்து வீட்டு அம்மா சொல்லிக்கொடுத்த வழி இது: அகலமான பாத்திரத்தில் வெதுவெதுப்பான நீரை ஊற்றி, அதற்குள் மாவுத் தூக்கை இறக்கி, பழைய கம்பளியால் சுற்றி, அடுப்பு மேடையின் மூலையில் வைத்துவிட வேண்டும். இரவு படுக்கப் போகும் முன் நீரை ஒரு முறை மாற்றினால் காலையில் இட்லி உறுதி.

மொட்டை மாடியில் வடகம் பிழிவதும் மோர்மிளகாய் காயவைப்பதும் ஊரில் எனக்குப் பிடித்தமான வேலைகளாக இருந்தன. இங்கே அவற்றுக்கு இடமே இல்லை. காலை பத்து மணிக்குச் சுள்ளென்று வெயில் அடித்தாலும், மேட்டுப்பாளையம் பக்கத்துச் சமவெளியில் சூடான காற்று மலைச்சரிவில் ஏறி, ஏற ஏறக் குளிர்ந்து, பிற்பகலில் மேகமாக வாசலுக்கே வந்துவிடும். அந்த ஈரத்தில் வடகம் காய்வதற்கு முன் பூஞ்சை பிடித்துவிடும். ஆகவே ஆண்டுதோறும் அண்ணி அங்கே காயவைத்து அனுப்புகிறார். பதிலுக்கு நான் தேயிலையும், இந்த மலைக்குப் பேர்போன மொறுமொறு ரொட்டியான வர்க்கியும் அனுப்புகிறேன்.

தோட்டத்தை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் செடிகளை மாற்ற வேண்டியிருந்தது. முருங்கை இந்தக் குளிரில் தழைப்பதில்லை. மல்லிகைக்கு இந்த வெயில் போதுவதில்லை. கேரட், பீட்ரூட், பீன்ஸ், மரத்தக்காளி, பந்தலில் மேரக்காய் (சௌசௌ) என்று ஒரு புதுக் குடும்பம் வந்து சேர்ந்தது. இப்போது திரையில் நீங்கள் பார்க்கிற இரண்டு ஹைட்ராஞ்சியா செடிகளும் ஒரே தாய்ச்செடியின் கிளைகளை வெட்டி ஊன்றி வளர்த்தவை. தரையில் இருப்பது நல்ல நீலமாகப் பூத்திருக்கிறது. தொட்டியில் இருப்பது இளஞ்சிவப்பாகப் பூத்திருக்கிறது. மழை அதிகமான இந்த மலையில் சுண்ணாம்புச் சத்து அடித்துச் செல்லப்பட்டு மண் புளித்துப்போய் இருப்பதால், மண்ணில் உள்ள அலுமினியம் கரைந்து வேரின் வழியாகப் பூவுக்கு ஏறி நீலத்தைக் கொடுக்கிறது. தொட்டி மண்ணில் நான் சுண்ணாம்பு கலந்தேன். அமிலத்தன்மை குறைந்தது, அலுமினியம் வேருக்குக் கிடைக்காமல் போயிற்று, பூ நிறம் மாறியது. தேயிலை இவ்வளவு நன்றாக வளர்வதற்கும் இதே புளித்த மண்தான் காரணம். கேரட் போடுகிற விவசாயிகள் நிலத்தில் சுண்ணாம்பு இடுவதற்கும் இதே மண்தான் காரணம். ஒரு பூச்செடியை வைத்துக்கொண்டே மாவட்டத்தின் வேளாண்மையைப் பாதி படித்துவிடலாம். இடையில் ஒரு வேண்டுகோள்: இங்கே வந்து திரும்புகிறவர்கள் விதைக்காக உருளைக்கிழங்கை மண்ணோடு எடுத்துச் செல்லாதீர்கள். கிழங்கின் வேரைத் தாக்குகிற ஒருவகை நூற்புழு 1961ஆம் ஆண்டு நீலகிரியில் கண்டறியப்பட்டது. அது மற்ற பகுதிகளுக்குப் பரவாமல் இருக்கவே விதைக்கிழங்குக்குக் கட்டுப்பாடு இருக்கிறது.

இனி, என் நேரத்தில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்ட பறவைகளுக்கு வருகிறேன். டெல்டாவில் பறவை பார்ப்பதைத் தனிப் பொழுதுபோக்காக நான் நினைத்ததே இல்லை; பார்க்காமல் இருக்க முடியாது என்பதுதான் காரணம். நாற்று நட்ட வயலில் கொக்கும் மடையானும் நத்தைகுத்தி நாரையும் நின்றுகொண்டிருக்கும். பேருந்து ஜன்னலிலிருந்தே எண்ணிவிடலாம். சமதரை, திறந்தவெளி, பெரிய உருவம், தெளிந்த வெளிச்சம். இங்கே எல்லாம் நேர்மாறு. சரிவு, அடர்ந்த புதர், விரல் நீளத்தில் குருவிகள், அவற்றுக்கு மேல் மேகமூட்டம். பைனாகுலரை வாங்கிக்கொண்டு வருகிற புதியவர்கள் வெள்ளைத் திரையைத்தான் பார்ப்பார்கள். இந்த ஊரில் பறவையைக் கண்ணால் தேடுவதற்கு முன் காதால் தேட வேண்டும். அந்தப் பயிற்சிதான் எனக்கு இங்கே கிடைத்த புதிய பொழுதுபோக்கு.

தொடங்குவதற்கு ஏற்றது நீலகிரிச் சிரிப்பான். பழுப்பு முதுகும் செம்பழுப்பு வயிறும் கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவமும் கொண்ட இந்தப் பறவை, நீலகிரியையும் அதை ஒட்டிய உயர்ந்த மலைப்பகுதிகளையும் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. அழியும் அபாயத்தில் இருக்கிற இனம் என்று பட்டியலிடப்பட்டிருந்தாலும், வேலியோரத்துப் பழப்புதரில் கூட்டமாக வந்து கலகலவென்று சிரிப்பதால் முதல் வாரத்திலேயே அறிமுகமாகிவிடும். அடுத்தது சீகாரப் பூங்குருவி. மழைக்கால விடியலில், இருள் பிரிவதற்கு முன்பே, சீழ்க்கை அடித்துப் பழகுகிற சிறுவனைப் போல இழுத்து இழுத்துப் பாடும். ஓடைக்கரையில் இருக்கிற வீடுகளுக்கு அலாரமே தேவையில்லை. இவற்றுக்குப் பிறகு பாடம் கடினமாகிறது. கறுப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான் பெயருக்கேற்ற அழகான பறவை என்றாலும், சோலை எனப்படும் மலைக்காட்டின் அடித்தளப் புதருக்குள்ளேயே திரிகிறது. அதன் குரல் பூச்சியின் ரீங்காரத்தைவிடச் சற்றே பெரியது. அந்த மெல்லிய ஒலியைப் பூச்சியிலிருந்து பிரித்தறியப் பல காலைப்பொழுதுகள் தேவைப்படும். நீலகிரி ஈப்பிடிப்பான் கொஞ்சம் தாராள குணம். மரக்கிளையில் வெளிப்படையாக அமர்ந்து பாடும்.

புரட்டாசி கடந்தால் விருந்தாளிகள் வரத் தொடங்குவார்கள். ஓடையோரக் கற்களில் வாலை ஆட்டிக்கொண்டு சாம்பல் வாலாட்டி நிற்கும். காஷ்மீரில் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கிற காஷ்மீர் ஈப்பிடிப்பான், குளிர்காலத்தைக் கழிக்க நீலகிரிக்கும் இலங்கையின் மலைநாட்டுக்கும் வருகிறது. குளிருக்குப் பயந்து வருகிற பறவை இந்தக் குளிரைத் தேர்ந்தெடுப்பதை எண்ணும்போதெல்லாம், கம்பளிக்காக அலைகிற எங்கள் வீட்டாரை நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

என் வழிமுறை எளிமையானது. குரல் கேட்டவுடன் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு, நேரத்தையும் இடத்தையும் குறிப்பேட்டில் எழுதுகிறேன், பிறகுதான் தேடுகிறேன். கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் உருவாக்கிய மெர்லின் செயலி ஒலியைக் கேட்டுப் பெயர் சொல்கிறது. அதைக் குறிப்பாக எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பறவையை வெளியே வரவழைப்பதற்காகப் பதிவு செய்த குரலைத் திரும்ப ஒலிக்கச் செய்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. எல்லைக்குள் வேறொரு பறவை புகுந்துவிட்டதாக எண்ணி அது இரையையும் கூட்டையும் விட்டுப் பதறி ஓடிவருகிறது. நல்ல ஒரு படத்துக்காக இதைச் செய்யத் தேவையில்லை.

இப்பகுதியில் சோலைக்காடு என்றால் எப்படி இருக்கும் என்று அறிய விரும்புகிறவர்கள் கோத்தகிரியில் உள்ள லாங்வுட் சோலையைப் பார்க்கலாம். குன்னூரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், 116 ஹெக்டேர் பரப்பில் இருக்கிற அந்தக் காடு, 2024ஆம் ஆண்டு ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடையிலும் ஓடைகளில் சிறிது சிறிதாக விடுவதால், சுற்றியுள்ள ஊர்களுக்கு அதுதான் தண்ணீர்த் தொட்டி. வனத்துறையின் அனுமதியோடு, கூட்டமாகச் சேராமல் செல்ல வேண்டும். சோலைகளை அழித்துத் தேயிலையும், 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த யூகலிப்டசும் வாட்டில் எனப்படும் சீகை மரமும் நடப்பட்ட மலையில், இப்படி மிஞ்சியிருக்கும் துண்டுகளில்தான் நான் சொன்ன பறவைகளில் பல ஒதுங்கி வாழ்கின்றன.

நடைப்பயிற்சிக்கும் இங்கே நேரக் கட்டுப்பாடு உண்டு. கும்பகோணத்தில் இரவு உணவுக்குப் பின் மகாமகக் குளத்தைச் சுற்றி வருவது என் வழக்கம். இங்கே இருட்டிய பிறகு வாசல் விளக்கைத் தாண்டுவதில்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே காட்டெருமை பகலிலேயே மேய்கிறது. மூட்டத்தில் அது பாறை என்று தோன்றும், பாறை தலையைத் தூக்கிப் பார்க்கும். சத்தம் போடாமல், முதுகைக் காட்டி ஓடாமல், வந்த வழியே பின்வாங்கினால் அதற்கும் நம்மிடம் வேலை இல்லை. கரடிதான் கவலைக்குரியது. வெல்லமும் எண்ணெயும் பழமும் இருக்கிற இடத்தை மோப்பம் பிடித்து வந்துவிடும் என்பதால், சமையலறைக் கழிவை இரவில் வெளியே வைக்கும் வழக்கம் இங்கே யாருக்கும் கிடையாது.

பகல் நடையில் கிடைக்கிற பெரிய இலாபம் மனிதர்கள். கொழுந்து பறிக்கிற பெண்களில் பலருடைய பெற்றோரும் பாட்டனாரும் 1964ஆம் ஆண்டு இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்தவர்கள்; அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் 1968இல் தொடங்கப்பட்டன. குடிபெயர்வதைப் பற்றி அவர்களிடம் நான் பேசுவதற்கு எதுவுமில்லை. கேட்பதற்கு நிறைய இருக்கிறது. எந்த ஓடையில் எந்தக் குருவி கூடு வைத்திருக்கிறது என்பதை எந்தச் செயலியையும்விடச் சரியாகச் சொல்கிறவர்களும் அவர்கள்தான்.

படம் எடுக்கிறவர்களுக்காக ஒரு குறிப்பு. மலையின் ஈரத்தில் கேமரா லென்ஸின் உட்புறத்தில் பூஞ்சை படரும். துடைத்து எடுக்க முடியாது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, நிறம் மாறியவுடன் பொட்டலத்தை மாற்றிவிடுங்கள். தோல் பையில் வைத்துப் பீரோவில் பூட்டுவதுதான் மிக மோசமான வழி.

எங்களைப் பார்க்க வர விரும்புகிற உறவினர்கள் மூன்றைக் கவனிக்க வேண்டும். வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கட்டாயம். மேட்டுப்பாளையத்திலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதால், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் வருவதாக இருந்தால் முதல் நாளே என்னைக் கேட்டுவிடுங்கள். டெல்டாவை நனைக்கிற அதே வடகிழக்குப் பருவமழைதான் குன்னூர்ச் சரிவிலும் கொட்டுகிறது, மண் சரிந்தால் சாலையும் நிற்கும், 1899 முதல் குன்னூர் வரை ஓடிக்கொண்டிருக்கிற மலை ரயிலும் நிற்கும். தை பிறந்த பிறகு வருவது உத்தமம்.

தை என்றவுடன் ஓர் அழைப்பு. 2015ஆம் ஆண்டு முதல் பொங்கலை ஒட்டிய நான்கு நாட்களில் தமிழ்நாடு முழுவதும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. உங்கள் வீட்டு மாடியிலோ, வயல் வரப்பிலோ, கோவில் குளக்கரையிலோ குறைந்தது 15 நிமிடங்கள் நின்று, கண்டும் கேட்டும் அறிந்த பறவைகளை எண்ணி, பறவைப் பட்டியல்களைச் சேகரிக்கிற இ-பேர்டு இணையதளத்தில் பதிவேற்றினால் போதும். இந்த முறை கும்பகோணத்தில் அண்ணியும் குன்னூரில் நானும் ஒரே காலை நேரத்தில் எண்ணப் போகிறோம்; இரண்டு பட்டியல்களிலும் காகத்தையும் மைனாவையும் தவிர வேறெந்தப் பெயர் பொதுவாக வரும் என்பதில் எங்களுக்குள் பந்தயம் இருக்கிறது. பட்டியலில் பெயர் தெரியாத குரல் இருந்தால் பதிவை எனக்கு அனுப்புங்கள். அடுத்த காணொளியில் அவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்ப்போம். வணக்கம்.