மெட்டு தாண்டினாலும் கருமுட்டைச் சட்டம் ஒண்ணுதான்

[காட்சி: விடியற்காலை. தமிழ்நாட்டிலிருந்து கேரளாவுக்குப் போகும் கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள்.]

குரல்: இந்த ஜீப்புல போற அக்கா, தங்கச்சிங்களுக்குத்தான் இந்த வீடியோ. "கருமுட்டை குடுத்தா நல்ல பணம். கெடுபிடியெல்லாம் தமிழ்நாட்டுலதான், கேரளாவுல ஒண்ணும் கேக்கமாட்டாங்க"ன்னு புரோக்கர் யாராச்சும் சொன்னா நம்பிராதீங்க. செக்போஸ்ட்டைத் தாண்டினா கடைப் பலகையில எழுத்து மாறும், சட்டம் மாறாது. 2021ல நாடாளுமன்றம் போட்ட செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம், 2022 ஜனவரி 25லேர்ந்து ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்.

குழந்தை இல்லாதவங்களுக்காகக் கருமுட்டை தர்றவங்களுக்கு வயசு 23லேர்ந்து 35க்குள்ள இருக்கணும். ஆயுசுக்கே ஒரு தடவைதான். ஏழு முட்டைக்கு மேல எடுக்கக்கூடாது.

[காட்சி: சினைப்பையின் எளிய வரைபடம்.]

ஏன் இவ்வளவு கறார்? மாசத்துக்குப் பெரும்பாலும் ஒரு முட்டைதான் முதிரும். நிறைய முதிரணும்னு 10 நாள் வாக்குல தினமும் ஹார்மோன் ஊசி போடுறாங்க. அப்புறம் மயக்கம் குடுத்து, ஸ்கேன்ல பார்த்துக்கிட்டே நீள ஊசியால உறிஞ்சி எடுக்கிறாங்க. சில பேருக்கு அந்த ஹார்மோனாலயே சினைப்பை வீங்கி, வயித்துல நீர் கோத்துக்கும்.

2022ல ஈரோட்டுல வெளிவந்த கேஸை நினைச்சா இன்னும் மனசு ஆறல. 16 வயசுப் பொண்ணு. போலி ஆதார்ல வயசைக் கூட்டிக் காட்டி, பல தடவை முட்டை எடுக்க வச்சிருக்காங்க. கைதானவங்கள்ல பெத்த தாயும் உண்டு. விசாரணை கேரளா, ஆந்திரா ஆஸ்பத்திரிங்க வரைக்கும் போச்சு.

முட்டையை விக்கிறதும், அதுக்கு ஏஜென்சி நடத்துறதும் குற்றம். முதல் தடவை 5லேர்ந்து 10 லட்சம் வரை அபராதம். திரும்பச் செஞ்சா 3லேர்ந்து 8 வருஷம் ஜெயிலும் சேரும். ஆஸ்பத்திரியே நேரா ஆள் பிடிக்க முடியாது, பதிவு வாங்கின கருமுட்டை வங்கி மூலமாத்தான் நடக்கணும்.

இன்னொண்ணு, இதைத்தான் நான் ரொம்ப முக்கியமா நினைக்கிறேன்: முட்டை தர்றவங்களுக்கு 12 மாசக் காப்பீடு உண்டு. அதைக் குழந்தை வேணுங்கிற தம்பதியோ பெண்ணோதான் எடுத்துத் தரணும். அந்தப் பத்திரத்தைக் கண்ணால பார்க்காம கையெழுத்துப் போடாதீங்க. மலையாளத்துலயோ இங்கிலீஷ்லயோ தாளை நீட்டினா, படிக்கத் தெரிஞ்ச நம்ம ஆள் ஒருத்தரை வரி வரியா வாசிக்கச் சொல்லுங்க.

ஏற்கெனவே ஊசி போட்டாச்சா? வயிறு உப்புது, வாந்தி நிக்கல, மூச்சு வாங்குதுன்னா உடனே பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்க. முட்டை எடுக்க ஊசி போட்டதை டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிருங்க.