வெள்ளம் வருமுன்னே அணை போடு: தாராவிக் கூட்டத்தில் பேசியது

அவைத் தலைவர் ஐயா அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் முன்னாள் கார்ப்பரேட்டர் அக்கா அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் தந்த பள்ளி நிர்வாகத்தாரே, மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் ரயில் பிடித்து வந்திருக்கும் பெரியோர்களே, வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருக்கும் பட்டறைத் தம்பிகளே, எல்லாருக்கும் என் வணக்கம். தலைவர் ஐயா அலைந்து திரிந்திருக்காவிட்டால் எங்கள் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் வந்திருக்காது. அந்த நன்றியைச் சொல்லாமல் நான் பேசத் தொடங்க முடியாது.

மூன்று விஷயம் சொல்ல வந்தேன். தரைமேல் எண்ணெய் சிந்தாமல் அரசுகள் எப்படித் தடுக்கின்றன, சிந்திவிட்டால் என்ன செய்கின்றன, நாம் என்ன கேட்க வேண்டும்.

2010 ஆகஸ்டில் எம்.எஸ்.சி. சித்ரா கப்பல் மோதலில் சிக்கி நம் துறைமுக வாசலில் எண்ணெய் கொட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். கடல் என்றால் கடலோரக் காவல்படை பொறுப்பு. 1996 முதல் அதற்கென்று ஒரு தேசியத் திட்டமே இருக்கிறது. தரையில் அப்படி ஒற்றைப் பொறுப்பாளி கிடையாது. குழாய்க்கு ஒரு வாரியம், கிடங்குக்கு வேறு துறை, மாசுக்கு இன்னொரு வாரியம், கடைசியில் கலெக்டர். எங்கள் ஆத்தா சொல்லும்: வெள்ளம் வருமுன்னே அணை போடு. அந்த அணையை யார் போடுவது என்பதே இங்கே கேள்வியாகக் கிடக்கிறது.

அமெரிக்காவில் நடந்த ஒன்றைக் கேளுங்கள். 1988 ஜனவரி 2. பென்சில்வேனியாவில் ஃப்ளோரெஃப் என்ற ஊர். ஆற்றங்கரையில் ஒரு டீசல் தொட்டி. வேறு இடத்திலிருந்து பிரித்துக் கொண்டுவந்த, நாற்பது வருடப் பழைய இரும்புத் தகடுகளைப் பற்றவைத்து எழுப்பியது. புதிதாகக் கட்டினால் விளிம்புவரை தண்ணீர் நிரப்பிச் சோதிக்க வேண்டும். அதை முழுதாகச் செய்யவில்லை. அன்று சாயங்காலம் எண்ணெய் நிரப்பிக்கொண்டிருக்கும்போதே தொட்டி மேலிருந்து கீழ்வரை பிளந்துவிட்டது. சுமார் ஒன்றரைக் கோடி லிட்டர் டீசல்! சுற்றிலும் தடுப்புக்கரை இருந்தது, ஐயா. வந்த வேகத்தில் டீசல் கரையைத் தாண்டிக் குதித்துப் பக்கத்து இடத்துக்குள் ஓடியது. அங்கே மழைநீர்ச் சாக்கடை ஒன்று, மூடி போடாமல் திறந்து கிடந்தது. அந்த ஒரு வாய் வழியாகக் கிட்டத்தட்ட 28 லட்சம் லிட்டர் மொனாங்காஹீலா ஆற்றில் இறங்கியது. அங்கிருந்து ஒஹாயோ ஆறு. மூன்று மாநிலங்களில் சுமார் பத்து லட்சம் பேருடைய குடிநீர் கெட்டது. ஜனவரிக் குளிரில் ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது, குடிக்கத் தண்ணீர் இல்லை!

அந்த நாட்டில் விதி இல்லாமல் இல்லை. 1973லேயே வந்துவிட்டது. தரைமேல் சுமார் 5,000 லிட்டருக்கு மேல் எண்ணெய் வைத்திருந்து, அது நீர்நிலைக்குப் போகக்கூடும் என்றால் தடுப்புத் திட்டம் எழுத வேண்டும். இருப்பதில் பெரிய தொட்டி முழுக்கக் கொட்டினாலும், மேலே மழை பெய்தாலும், தாங்குகிற கரை வேண்டும். 1990இல் இன்னொரு சட்டம் வந்தது. அதன்படி பெரிய கிடங்குகள், சிந்தினால் யாருக்கு முதலில் போன், எண்ணெய் தண்ணீரில் பரவாமல் மறிக்கும் மிதவைத் தடுப்பு எங்கிருந்து வரும் என்று எழுதி வைத்து ஒத்திகையும் பார்க்க வேண்டும். நம் நாட்டிலும் பெட்ரோலிய ஒழுங்குமுறை வாரியம் 2010இல் அவசரத் திட்ட விதிகள் கொண்டுவந்தது. ஆனாலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்தபோது, மீனவர்கள் வாளியும் குவளையும் வைத்து அள்ளினார்கள். வெள்ளம் வருமுன்னே அணை போடு என்று அந்த மக்கள் எத்தனை நாள் கேட்டிருப்பார்கள்!

சரி, நம் கதைக்கு வருகிறேன். நான் இன்று பேச வந்ததே இதற்காகத்தான். பட்டறையில் வண்டிக்கு அடியிலிருந்து தட்டை இழுக்கிறோம். கன்னங்கரேல் என்று ஆயில், மேலே இரும்புத்தூள் மினுங்கும். டிரம்மில் இடம் இருந்தால் சேர்த்து வைத்து விற்கிறோம். இல்லையென்றால் தெருமுனைச் சாக்கடை வாயை மூடும் இரும்புக் கம்பிச் சட்டத்தை, அந்த ஜாலியைத், தூக்கி ஊற்றிவிடுகிறோம். அது நாலா என்கிற பெரிய சாக்கடைக் கால்வாயில் இறங்கி, மித்தி ஆற்றில் கலந்து, மாகிம் அலையாத்திக் காட்டின் வேர்களில் போய் ஒட்டுகிறது. ஒரு காரில் ஒரு தடவை மாற்றும் ஆயில் பத்து லட்சம் கேலன், அதாவது சுமார் 38 லட்சம் லிட்டர், நன்னீரைக் கெடுக்கும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை. ஃப்ளோரெஃபில் ஒரு மூடி திறந்திருந்தது. இங்கே எத்தனை ஜாலி இருக்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள், தம்பிகளே.

பழைய ஆயிலைத் திரும்ப எடுத்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பை ஆயில் தயாரிக்கிறவர்கள்மேல் வைத்து 2024 ஏப்ரல் 1 முதல் விதி நடப்பில் இருக்கிறது. அந்த விதி 90 அடி ரோடுவரை வந்து சேர வேண்டும். ஒவ்வொரு பட்டறை வரிசைக்கும் பூட்டுப்போட்ட ஒரு சேகரிப்பு டிரம், அடியில் கசிவு பிடிக்கத் தொட்டி, வாரம் ஒரு வண்டி. இதைத்தான் கேட்கிறோம். வெள்ளம் வருமுன்னே அணை போடு. ஜூனில் மழை தொடங்கிவிடும்.

இரண்டாவது விஷயத்துக்கு நேரம் போதவில்லை, தலைவர் ஐயா மணியைப் பார்க்கிறார். வாசலில் டீ கொடுக்கிற மேஜைக்குப் பக்கத்தில் மனு வைத்திருக்கிறோம். பட்டறை பெயர், போன் நம்பர், கையெழுத்து மூன்றும் வேண்டும். திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்குத் தாதரில் மாநகராட்சியின் ஜி நார்த் வார்டு அலுவலகத்தில் கொடுக்கிறோம். அக்கா முன்னால் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.