நடுத்தொகுதி இல்லாத வில்லன்

விழாத் தலைவர் அவர்களே, நூலகர் அம்மையார் அவர்களே, நான் பேச வைத்திருந்ததில் பாதியை எனக்கு முன்னால் பேசிவிட்டுப் புன்னகையோடு அமர்ந்திருக்கும் பேராசிரியர் அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே (இவரை விட்டுவிட்டால் அடுத்த ஆண்டு அழைப்பிதழில் என்னை விட்டுவிடுவார்), பின்வரிசையில் மடியில் காமிக்ஸை விரித்துக்கொண்டு என் பேச்சையும் கேட்பதுபோல் இருக்கும் இளைய நண்பர்களே, வணக்கம்.

மாங்கா எனப்படும் ஜப்பானியச் சித்திரக்கதையின் நீண்ட தொடரில் வில்லன் எப்படி முழுமை பெறுகிறான்? மூன்று செய்திகள் சொல்வேன். ஒன்று காலம், இரண்டு அவன் தரப்பு நியாயம், மூன்று அவன் முகத்தை வரையும் கோடு.

அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். என்னை முன்பே கேட்டவர்களுக்கு இந்தப் பழமொழி அலுத்திருக்கும், எனக்கு அலுக்கவில்லை. ஓடா எய்இச்சிரோவின் 'ஒன் பீஸ்' 1997இல் தொடங்கியது. அதில் டோஃப்லமிங்கோ என்ற வில்லன் 233ஆம் அத்தியாயத்தில் தலைகாட்டுகிறான், 790ஆம் அத்தியாயத்தில்தான் வீழ்கிறான். இடையில் பல ஆண்டுகள் அவனை வெறுத்துப் பழகிவிடுகிறோம். அதன் பிறகுதான், பத்து வயதில் பெற்ற தந்தையைக் கொன்ற சிறுவனாக அவனை நம் முன் நிறுத்துகிறார் ஓடா. இரக்கம் வருகிறது, ஆனால் வெறுப்பு போகவில்லை. இரண்டும் ஒரே நெஞ்சில் இருந்து சண்டை போடுகின்றன. இரண்டு மணி நேரப் படத்தில் இதற்கு ஏது இடம்?

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. தோகாஷி யோஷிஹிரோவின் 'ஹண்டர் எக்ஸ் ஹண்டர்' தொடரில் கைமேரா எறும்புகள் என்ற கற்பனை உயிர்களின் கதை 18ஆம் தொகுதியில் தொடங்கி 30ஆம் தொகுதி வரை போகிறது. நான் அதை ஒரு நூலகத்தில் இரவல் வாங்கிப் படித்தேன். எறும்புகளின் அரசன் மெருஎம் தாயின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு பிறக்கிறான், எதிர்ப்பட்டவர்களைக் கொல்கிறான். சரி, கொடியவன் என்று முடிவு கட்டி அடுத்த தொகுதிக்குப் போனால் அலமாரியில் இடைவெளி. நடுவில் இரண்டு தொகுதிகளைக் காணோம்! பொறுமையில்லாமல் அதற்கடுத்ததை எடுத்தேன். அந்தக் கொடியவன் பார்வையற்ற ஒரு பெண்ணுக்காகத் துடித்துக்கொண்டிருக்கிறான். ஆசிரியருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நண்பர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். நாலு பேர் நம்பவும் செய்தார்கள்.

நான்கு மாதம் கழித்து அந்த இரண்டும் திரும்பி வந்தன. உள்ளே ஒரு துண்டுச் சீட்டு: "தாமதத்துக்கு மன்னிக்கவும். மூன்று முறை படித்தேன்." பக்கத்தைப் புரட்டினேன். எந்தப் பலகை ஆட்டத்திலும் வல்லவர்களைத் தோற்கடித்த அரசன், குங்கி என்ற ஆட்டத்தில் கொமுகி என்ற அந்தப் பார்வையற்ற பெண்ணிடம் மட்டும் தோற்றுக்கொண்டே இருக்கிறான். மூக்கொழுக உட்கார்ந்திருக்கும் எளிய பெண் அவள். அவளை நிலைகுலைய வைக்கப் பந்தயம் கட்டச் சொல்கிறான்: "நீ தோற்றால் உன் இடது கை எனக்கு." அவளோ தயங்காமல் உயிரையே பந்தயமாக வைக்கிறாள். வெட்கிப்போனவன் தன் இடது கையைத் தானே பிய்த்து எறிகிறான். காயத்துக்கு மருத்துவம் பார்த்தால்தான் ஆடுவேன் என்கிறாள் அவள். பிறகு ஒரு நாள் அவன் பெயரைக் கேட்கிறாள். சொல்வதற்கு அவனிடம் பெயர் இல்லை. தாய் சாகும்போது வைத்த பெயரைக் கேட்க நிற்காமல் போனவன் அவன்! அடி மேல் அடி. அம்மி நகர்ந்த இடமே அந்த இரண்டு தொகுதிகள்தாம். நானோ அவற்றைத் தாண்டிக் குதித்தவன்.

இரண்டாவது செய்தி, அவன் தரப்பு நியாயம். உராசாவா நவோகியின் 'மான்ஸ்டர்' 18 தொகுதிகள். அதன் வில்லன் யோஹன் நேரில் வருவது குறைவு, அவனைச் சந்தித்தவர்கள் சொல்லச் சொல்லத்தான் உருவாகிறான். சிறுவயதில் அவன் உயிரைக் காப்பாற்றிய மருத்துவரே அவனைத் தேடி அலைகிறார். இதை விரிவாகச் சொல்லலாம்தான். ஆனால் நூலகர் அம்மையார் எதிரிலேயே இருக்கும்போது வேறு பேச மனம் வரவில்லை.

அம்மா, தொடர்களை முழுதாக வாங்குங்கள். 1, 2, 7, 15 என்று வாங்கி அடுக்குவதை நிறுத்துங்கள். முதல் தொகுதியை எல்லோரும் எடுக்கிறார்கள், நடுத்தொகுதியை யாரும் எடுப்பதில்லை என்று கணக்குக் காட்டுவீர்கள். இல்லாத புத்தகத்தை எப்படி அம்மா எடுப்பது? பணம் போதாதென்றால் ஐந்து தொடர்களை அரைகுறையாக வாங்காமல் இரண்டை முழுதாக வாங்குங்கள். தொலைந்த தொகுதியை அந்த மாதமே மறுபடி வாங்குங்கள். போன ஆண்டும் இதே மேடையில் கேட்டேன், அடுத்த ஆண்டும் கேட்பேன். அம்மி எப்படி நகரும் என்பது உங்களுக்கே தெரியும்.

செயலாளர் மணி அடிக்கிறார். மூன்றாவது செய்தியைத் தேநீர் இடைவேளையில் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். அந்தத் துண்டுச் சீட்டு இன்னும் என் பையில்தான் இருக்கிறது; எழுதியவர் இந்த அவையில் இருந்தால் வந்து வாங்கிக்கொள்ளலாம். வணக்கம்.