பூட்டனார் பார்த்த தண்டல் வேலை

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

என் பாட்டி தன் மாமனாரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்வார். "எங்க மாமா தண்டலா இருந்தாக." அதற்கு மேல் நானும் கேட்டதில்லை. பாட்டி போய்ச் சேர்ந்து பல வருஷம் கழித்து, எங்கள் குடும்ப வரலாற்றை எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். அப்போது என் பூட்டனாரின் தொழிலைப் பற்றி என்னிடம் இருந்த சாட்சி அந்த ஒரு சொல்தான்.

எங்களுக்குப் பூர்வீகம் ஸ்ரீவைகுண்டம் பக்கம், தாமிரபரணிக் கரை. நெல் விளைகிற ஊர். அதனால் தண்டல் என்றதும் எனக்கு வரித் தண்டல்தான் நினைவுக்கு வந்தது. வரி வசூலிப்பதைத் தண்டுவது என்று சொல்வது பழைய வழக்கம். கிராமத்தில் வரி வசூலுக்குத் துணையாகப் போகிற ஊழியருக்குத் தண்டல்காரர் என்று பெயர். சரி, பூட்டனார் அந்த வேலையில் இருந்திருக்கிறார் என்று முடிவு கட்டிக்கொண்டு, பழைய வருவாய்ப் பதிவேடுகளில் அவர் பெயரைத் தேட ஆரம்பித்தேன். மூன்று வருஷம் தேடினேன். பெயர் கிடைக்கவில்லை.

ஆனால் அந்த மூன்று வருஷம் வீண் என்று சொல்ல மாட்டேன். நம் கிராமங்கள் எத்தனை பேர் உழைப்பில் நடந்தன என்பது அப்போதுதான் புரிந்தது. கணக்கு எழுதக் கர்ணம். வரி வாங்கவும் சில்லறை வழக்குகளைத் தீர்க்கவும் மணியக்காரர், அதாவது கிராம முன்சீப். காவலுக்குத் தலையாரி. மடை திறந்து வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்ச நீர்க்கட்டி. பகுதி நேரக் கிராம அதிகாரி பதவிகளை அரசு ஒழித்தது 1980 நவம்பரில்தான். அதனால் தாத்தா கர்ணமாக இருந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்றும் பல வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் இப்போதே உட்கார்ந்து கேளுங்கள்.

பழைய கணக்குகளில் 'சுதந்திரம்' என்று ஒரு சொல் வரும். முதல்முறை பார்த்தபோது நான் திகைத்துப் போனேன். வெள்ளைக்காரன் ஆட்சிக் காகிதத்தில் சுதந்திரமா? விசாரித்த பிறகுதான் தெரிந்தது, அது கிராம ஊழியர்களுக்குப் பரம்பரை உரிமையாக விளைச்சலிலிருந்து அளந்து கொடுத்த தானியப் பங்கு. சிலருக்கு மானிய நிலமும் உண்டு, அதற்குத்தான் இனாம் என்று பேர். 1858இல் தொடங்கிய இனாம் கமிஷன் அந்த நிலங்களை ஒவ்வொன்றாக விசாரித்து, எந்த ஊழியத்துக்காகக் கொடுக்கப்பட்டது, யார் அனுபவிக்கிறார்கள் என்று எழுதி வைத்தது. உங்கள் குடும்ப நிலத்துக்கு இனாம் என்று பேர் இருந்தால், முன்னோரின் தொழில் அந்தப் பதிவேட்டில் இருக்க வாய்ப்பு அதிகம். சென்னை எழும்பூரில் 1909இல் எழுந்த ஆவணக் காப்பகத்திலிருந்து தேடலைத் தொடங்கலாம்.

என் விஷயத்துக்கு வருகிறேன். ஒருநாள் என் சித்தப்பா வீட்டு மரப்பெட்டியில் ஒரு பழைய கிரயப் பத்திரம் கிடைத்தது. அந்தக் காலப் பத்திரங்களில் ஒருவரின் தகப்பனார் பெயர், ஊர், மதம், சாதி எல்லாம் எழுதிவிட்டு, கூடவே ஜீவனம் என்று ஒன்று சேர்ப்பார்கள். பயிர் ஜீவனம், வர்த்தகம் ஜீவனம், கூலி ஜீவனம் என்று இருக்கும். நிலம், வீட்டு வருமானத்திலேயே வாழ்கிறவர் என்றால் 'சுகஜீவனம்'. எவ்வளவு அழகான சொல்! என் பூட்டனார் பெயருக்குப் பக்கத்தில் இருந்தது இதுதான்: "தூத்துக்குடியிலிருக்கும் தோணித் தண்டல் ஜீவனம்."

பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

கடற்கரையில் தண்டல் என்றால் தோணியின் தலைவர். பாய்மரத் தோணியையும் அதிலுள்ள ஆட்களையும் சரக்கையும் கரை சேர்க்கும் பொறுப்பு அவருடையது. இந்தியக் கரை நெடுகிலும் டிண்டல், தண்டேல் என்றெல்லாம் வழங்குகிற சொல் அது. சுக்கான் பிடிப்பவர் சுக்காணி, பாய் இழுப்பவர்கள் கலாசிகள், சமைப்பவர் பண்டாரி. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போன தோணிகளில் ஒன்றை எங்கள் பூட்டனார் ஓட்டியிருக்கிறார். நானோ அவரை வயல் வரப்பில் தேடிக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து எங்கே பேசக் கூப்பிட்டாலும் இதைத்தான் சொல்லி வருகிறேன். தொழிற்பெயரைத் தனியாகப் படிக்காதீர்கள். எந்த ஊர், எந்த வருஷம், எந்தக் காகிதம் என்று சேர்த்துப் படியுங்கள். கணக்குப்பிள்ளை என்ற சொல்லையே பாருங்கள். ஊரில் இருந்தால் அவர் கர்ணம். வியாபாரியின் கிட்டங்கியில், அதாவது சரக்குக் கிடங்கில், இருந்தால் வரவு செலவு எழுதுகிறவர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தால் ஆட்களை வேலை வாங்கிப் பேர் போடுகிறவர். அதில் வரும் 'பிள்ளை'யைச் சாதிப் பெயர் என்று நினைத்து, வேறு குடும்பத்தின் வம்சாவளியைத் தூக்கிக் கொண்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். கங்காணியும் அப்படித்தான். கண்காணி என்ற சொல் சோழர் கால கல்வெட்டுகளிலேயே மேற்பார்வையாளரைக் குறிக்கிறது. நம் பாட்டன்மார் காலத்துக் கங்காணியோ ஊரிலிருந்து ஆட்களைத் திரட்டி, முன்பணம் கொடுத்து, இலங்கைக்கும் மலேயாவுக்கும் கூட்டிப் போனவர். அந்த முன்பணம் கூலிக்காரர் தலையில் கடனாக நின்றது. உங்கள் வீட்டில் "தாத்தா கங்காணியா இருந்தார்" என்று பெருமையாகச் சொன்னால், அந்தக் கடன் கணக்கையும் சேர்த்து விசாரியுங்கள்.

இங்கே மனசு கனக்கிற ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். எல்லாக் குடும்பமும் தொழிலைச் சொல்லிவிடுவதில்லை. படியாள், பண்ணையாள், வெட்டியான், தோட்டி என்ற சொற்களை எத்தனையோ வீடுகளில் மறைத்துவிடுகிறார்கள். மறைத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர்கள் பட்ட அவமானம் அப்படி. படியாள் என்றால் கூலியைப் படியில் அளந்து நெல்லாக வாங்கியவர். பெரும்பாலும் பட்ட கடனுக்காக அதே பண்ணையில் கட்டுப்பட்டுக் கிடந்தவர். தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல்தான் வந்தது. வெட்டியானைச் சுடுகாட்டோடு மட்டும் சேர்த்துப் பேசுகிறோம். பழைய வருவாய்க் காகிதங்களில் அவர் கர்ணத்துக்கு ஆளாக நின்று, எல்லை காட்டி, பல ஊர்களில் பாசனத்துக்குத் தண்ணீரும் திருப்பியவர். எந்த வயல் யாருடையது, எந்தக் கல் நகர்ந்தது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஊரின் நிலவரைபடத்தையே மனதில் வைத்திருந்த மனிதர். அவர் உங்கள் முன்னோர் என்றால் அந்தச் சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். எழுத உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

அப்புறம், பெண்கள். பத்திரத்தில் பெண் பெயர் வந்தால் பெரும்பாலும் இன்னார் பாரியாள், அதாவது மனைவி, என்பதோடு எழுத்து நின்றுவிடும். நெல் அவித்துக் குத்தி அரிசி விற்றவர், உப்பளத்தில் உப்பு வாரியவர், ஊருக்கே பிரசவம் பார்த்தவர், யாருக்கும் ஜீவனம் எழுதவில்லை. அவர்கள் தொழிலை வேறு இடத்தில் தேட வேண்டும். கடன் சீட்டு, சில்லறைக் கணக்கு நோட்டு, பேரன் பேத்தியின் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் உரல், முறம், மரக்கால், இவையெல்லாம் சாட்சிதான்.

எங்கள் பூட்டியையும் அப்படித்தான் கண்டுபிடித்தேன். அதே மரப்பெட்டியில், நூல் போட்டுக் கட்டிய ஒரு கத்தைப் புரோநோட்டு, அதாவது கடன் சீட்டு, இருந்தது. எல்லாம் அவர் கைநாட்டு வைத்துக் கடன் வாங்கியவை. தேதிகளை முன்பு பார்த்திருக்கிறேன், ஒன்றும் தோன்றவில்லை. ருதிரோத்காரி வருஷம் ஆடி, அதாவது 1923. அடுத்த வருஷமும் ஆடி. அதற்கடுத்தது ஆனி. ஏன் ஒவ்வொரு வருஷமும் இந்த மாதங்களிலேயே கடன்? பூட்டனார் தோணித் தண்டல் என்று தெரிந்த பிறகு திரும்பப் படித்தேன். அந்த மாதங்களில் தென்மேற்குக் காற்று பலமாக அடிக்கும். பாய்மரத் தோணிகள் கடலுக்குப் போகாமல் கரையில் கிடக்கும். நடை இல்லையென்றால் கூலியும் இல்லை. ஒவ்வொரு சீட்டின் பின்பக்கத்திலும் வரவு வைத்திருந்தார்கள், ஐந்து ரூபாய், மூன்று ரூபாய் என்று. முதல் வரவு எப்போதும் ஐப்பசிக்கு முன்னால் வந்ததில்லை. கடைசி வரவுக்குக் கீழே, வேறு மையில், "பைசல்" என்று எழுதியிருந்தது, கடன் முழுக்கத் தீர்ந்தது என்று. எல்லாச் சீட்டிலும்.

நன்றி, வணக்கம்.