தேரோட்டி தன் பாதங்களை மூடிக்கொண்டார்

நடுவர் ஐயாவுக்கும், மழையையும் கொழும்புக் காலி வீதியின் நெரிசலையும் தாண்டி இந்த வெள்ளவத்தை மண்டபத்துக்கு வந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

"பாரதத்துக் கர்ணன் நமக்கு அதிகம் காட்டுவது கொடையின் பெருமையையா, பிறப்பை வைத்து ஆளை எடைபோடும் தப்பெண்ணத்தையா?" இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவி கொடைக்காக அழகாக வாதாடினார். அம்பு தைத்துக் கிடந்தவன், கிழ அந்தணராக வந்த கண்ணனுக்குத் தன் புண்ணியம் முழுவதையும் தாரை வார்த்த காட்சியை வில்லிபுத்தூரார் வழிநின்று சொன்னபோது எனக்கும் கண் கலங்கியது. அந்தக் குணத்தை நான் மறுக்க வரவில்லை. அந்தக் குணத்தைக் கண்ணெதிரே பார்த்த உலகம் அவனை என்ன செய்தது என்று கேட்க வந்திருக்கிறேன்.

அத்தினாபுரத்து அரங்கேற்றத்துக்குப் போவோம். அருச்சுனன் காட்டிய வித்தைகளை எல்லாம் கர்ணன் அதே இடத்தில் செய்து காட்டிவிட்டான். கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறது. அப்போது கிருபர் எழுந்து என்ன கேட்டார்? வில்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உன் தாய் யார், தந்தை யார், எந்த அரச குலம் என்றார். மழையில் நனைந்த தாமரை போல அவன் முகம் கவிழ்ந்தது என்கிறார் வியாசர்.

இந்தக் கேள்வி நமக்குப் புதிதா ஐயா? "எந்த ஊர்?" என்று கேட்பார்கள். ஊரைச் சொன்னால், "ஊரில எவடம்?" என்பார்கள். அந்த இரண்டாவது கேள்வி எதைத் தேடுகிறது என்று இந்த மண்டபத்தில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

சரி, துரியோதனன் அவனை அங்க நாட்டு அரசனாக்கிவிட்டான். அபிடேக நீர் இன்னும் தலையில் சொட்டுகிறது. அந்த நேரம் பார்த்துக் கோலை ஊன்றிக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்து, வளர்த்த தந்தை அதிரதன் அரங்குக்குள் வருகிறார். கர்ணன் என்ன செய்தான்? வில்லைக் கீழே வைத்தான். ஈரத் தலையோடு போய் அவர் காலில் விழுந்தான். இந்த இடத்தில் வியாசர் ஒரு சின்ன விஷயம் எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டு நான் அன்று மேலே படிக்கவில்லை. மகன் குனிந்ததும் அந்தத் தேரோட்டி பதறிப்போய்த் தன் மேலாடையின் நுனியால் பாதங்களை மூடிக்கொள்கிறார்.

ஏன் மூடினார்? பெற்ற பிள்ளைக்கும் மேலாக வளர்த்த பிள்ளை அவன். அரசனின் தலை தன் பாதத்தில் படக்கூடாது என்று அந்த மனிதருக்கு யாரும் அங்கே சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லாதபடி வாழ்நாள் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்கள். கர்ணனின் பணிவு இல்லாவிட்டால் அந்தப் பாதங்கள் நம் கண்ணில் பட்டிருக்காது. அடுத்த கணமே வீமன், சாட்டையை எடுத்துக்கொள், உனக்கு அதுதான் பொருத்தம் என்று சிரித்தான்.

இன்னொரு குணம், அவன் பொறுமை. பரசுராமர் அவன் மடியில் தலைவைத்து உறங்குகிறார். வண்டு தொடையைத் துளைக்கிறது. குரு விழித்துவிடக்கூடாதே என்று அசையாமல் இருக்கிறான். இரத்தம் பட்டு விழித்த குரு, "எப்படித் தாங்கினாய் மகனே?" என்று கேட்கவில்லை. இந்த வலியை அந்தணன் தாங்கமாட்டான், நீ யார் என்று கேட்டார். அந்தணன் என்று பொய் சொல்லி அவரிடம் சேர்ந்தது கர்ணனின் பிழைதான். ஆனால் உண்மையைச் சொல்லியே துரோணரிடம் கேட்டபோது, பிரம்மாத்திரம் அவனுக்கு மறுக்கப்பட்டதே!

இங்கேதான் என் வாதம் இருக்கிறது. தப்பெண்ணம் கண்மூடித்தனமானது என்கிறோம். அது நன்றாகவே பார்க்கிறது ஐயா. குணத்தைப் பார்த்துவிட்டு, இந்தக் குணம் எந்தக் குலத்துக்கு உரியது என்று விசாரிக்கிறது.

இதை நான் ஏட்டில் மட்டும் படிக்கவில்லை. வேலை கிடைத்துக் கொழும்புக்கு வந்த புதிதில், இதே பகுதியில் ஒரு வீட்டுக்கு அறை பார்க்கப் போனேன். பிளேன்டீ தந்தார்கள். வாடகை, முற்பணம் எல்லாம் பேசியாயிற்று. சாவி மேசையில் இருந்தது. அப்புறம்தான் அந்த அம்மா, "தம்பி எந்த ஊர்?" என்றார். மலைநாட்டில் ஹட்டன் பக்கம், அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர் என்றேன். "பேச்சைப் பார்த்தா தோட்டத்துப் பிள்ளை மாதிரித் தெரியேல்லையே" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். சொல்லிக்கொண்டே சாவியை மெல்ல எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டார். வேறு ஆட்கள் முன்னமே கேட்டிருந்ததாகவும், சொல்லி அனுப்புவதாகவும் சொன்னார். பிளேன்டீ பாதி குடித்தபடி இருந்தது.

எதிரணியினர் கேட்கலாம், கர்ணன் அவ்வளவு நல்லவனா என்று. இல்லை. சபையில் திரௌபதியைப் பொதுமகள் என்று சொன்ன வாய் அவனுடையது. பதினேழாம் நாள் போரில், தேரோட்டும் சல்லியன் குத்திப் பேசியதும், அவனுடைய மத்திர நாட்டையே கர்ணன் இழிவுபடுத்துகிறான். அந்த நாட்டு ஆண்கள் நம்பத்தகாதவர்கள், பெண்கள் வெட்கமற்றவர்கள் என்கிறான். பிறப்பால் சுடப்பட்டவன் அதே நெருப்பை அள்ளி இன்னொரு மக்கள்மேல் கொட்டுகிறான். ஒரு நாட்டில் பிறந்ததற்காக எல்லாரும் பாவிகள் ஆகிவிடுவதில்லை என்று சல்லியன் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நாமும் இங்கே நம்மை நினைத்துக்கொள்ள வேண்டும். மொழியின் பெயரால் அவமானப்பட்ட நாம்தான், மலைநாட்டிலிருந்து வந்தவனை ஒரு சொல்லால் வீட்டு வாசலிலேயே நிறுத்தியும் இருக்கிறோம்.

கொடைக்கும் வருகிறேன். கவசத்தைக் கேட்டு வருபவன் இந்திரன், கொடுக்காதே என்று சூரியன் எச்சரித்தும் கொடுத்தான். உயிரைவிடப் புகழ் பெரிது என்றான். பிறப்பிலேயே மதிப்புக் கிடைத்தவனுக்கு ஒருநாள் இல்லை என்று சொல்லும் வசதி உண்டு. கர்ணனுக்கு அந்த வசதி கிடையாது. தன் மதிப்பை அவன் தினம் தினம் சம்பாதிக்க வேண்டியிருந்தது. எதிரணியினர் கொண்டாடும் கொடைக்குள்ளேயே நான் சொல்லும் காயம் இருக்கிறது என்றுதான் நான் வாசிக்கிறேன்.

கடைசியாக ஒரு மறுப்பு வரும். அவன் உண்மையில் குந்தி மகன்தானே, பரசுராமர் கணித்தது சரிதானே, இரத்தம் பேசிவிட்டதே என்பார்கள். அதற்குக் கர்ணனே பதில் சொல்லியிருக்கிறான். போருக்கு முன் கண்ணன் அவனைத் தேரில் ஏற்றிக்கொண்டு போய், நீ பாண்டவர்க்கு மூத்தவன், அரசு உனக்கு என்றான். சாட்டையை எடு என்று சிரித்தவனே காலில் விழுவான். கர்ணன் என்ன சொன்னான் தெரியுமா? என்மேல் வைத்த பாசத்தால் ராதைக்கு அந்தக் கணமே பால் சுரந்தது, என் மலமும் சலமும் அவள்தான் அள்ளினாள், என் மனைவியரும் பிள்ளைகளும் தேரோட்டிகள் வீட்டில் இருக்கிறார்கள் என்றான். இந்த இரகசியத்தைத் தருமனிடம் சொல்லிவிடாதே என்றும் கேட்டுக்கொண்டான். பிறகு தேரோட்டியின் மகனாகவே களத்துக்குப் போனான்.

போர் முடிந்து கங்கைக் கரையில் இறந்தவர்களுக்கு நீர்க்கடன் நடக்கும்போதுதான் குந்தி வாய் திறந்தாள். அண்ணன் என்று தெரிந்த பிறகு தருமன் கலங்கி அழுதான். அதற்கு முன்னும் கர்ணன் அதே கர்ணன்தான்.

நன்றி, வணக்கம்.