"ஒரே வாஷ்ல போயிடும்"னு போட்டிருந்த நீலம்

வணக்கம் மக்களே! இன்னைக்கு செம கடுப்புல இருக்கேன். போன வீடியோல முடி நுனிக்கு நீலம் அடிச்சுட்டு ஆட்டம் போட்டேன்ல? டப்பால "ஒரே வாஷ்ல போயிடும்"னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. எங்க போச்சு? கிட்ட வந்து பாருங்க, பாசி பிடிச்ச மாதிரி பச்சையா நிக்குது.

டப்பா முழுப் பொய்யும் சொல்லல, அதான் இன்னும் எரிச்சல். டெம்பரரி கலர் முடி மேலதான் ஒட்டும், ஷாம்பு போட்டா வழிஞ்சிடும். ஆனா ப்ளீச் பண்ண முடில மேல் அடுக்கு திறந்து கிடக்கும், கலர் உள்ள இறங்கிடும். என் நுனி ப்ளீச் பண்ணதுன்னு உங்களுக்கே தெரியும். இந்த விஷயம் டப்பா பின்னாடி எறும்பு சைஸ் எழுத்துல இருக்கு. ஏன், முன்னாடி போட்டா கை வலிக்குமா?

சரி, முடிக்கு என்ன பண்ணேன்னா, பொடுகு ஷாம்புல விட்டமின் சி மாத்திரையைப் பொடிச்சுக் கலந்து, ஈர முடில தடவி, அரை மணி நேரம் ஊற விட்டேன். பாதி வெளுத்துச்சு. முடி வறண்டுடும், அதனால கண்டிஷனர் தாராளமா போடுங்க. பாத்திரம் கழுவுற சோப்பை மட்டும் தலைக்குப் போடச் சொல்லாதீங்க, எனக்கு ஆகவே ஆகாது. ஆ, ஒண்ணு விட்டுட்டேன்! மெழுகு மாதிரி இருக்கற கலர்னா முதல்ல எண்ணெய் தேய்ங்க, அப்புறம்தான் ஷாம்பு.

இப்போ என் வெள்ளை வாஷ்பேசின்! அதுல ஒரு சொட்டு விழுந்தாலே எனக்குத் தூக்கம் வராது, தெரியும்ல. பீங்கான் சுலபம். பஞ்சுல 70% ஐசோப்ரோபைல் ஆல்கஹாலை நனைச்சுத் துடைச்சா வந்துடும். மோசமானது ஓரத்துல இடைவெளியை அடைச்சிருக்கற சிலிக்கோன் கோடு. நீலத்தை அப்படியே குடிச்சு வச்சிருந்துச்சு. தேய்ச்சேன், சுரண்டினேன், ஒண்ணும் அசையல. கடைசில டிஷ்யூவைத் திரிச்சு, ப்ளீச்ல நனைச்சு, கோடு மேலயே படுக்க வச்சுட்டுப் போயிட்டேன். வந்து எடுத்தா, வெள்ளை! ஜூம் பண்றேன் பாருங்க. இல்ல, இந்தப் பக்கம். இதோ! எங்கயாவது நீலம் தெரியுதா? இன்னொரு தடவை காட்டவா? அந்த மூலைல லேசா ஒரு நிழல் இருக்கு, அதை நீங்க பாக்காதீங்க.

ஐயோ, இதை முதல்லயே சொல்லிருக்கணும். நான் சொன்னது வீடு கழுவுற ப்ளீச், முடிக்குப் போடுறது இல்ல. ஜன்னலைத் திறந்து வைங்க, கையுறை போடுங்க. வினிகரோட சேந்தா குளோரின் வாயு வரும். ஆல்கஹாலோடயும் சேரக் கூடாது, அதனால துடைச்ச இடத்தைத் தண்ணி ஊத்தி நல்லா கழுவிட்டுத்தான் ப்ளீச் வச்சேன்.

நெயில் பாலிஷ் ரிமூவர் போடலாமான்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அக்ரிலிக் தொட்டி, பிளாஸ்டிக் பக்கம் கொண்டே போகாதீங்க. ரிமூவர்ல இருக்கற அசிட்டோன் அதைக் கரைச்சுடும். வார்னிஷ் அடிச்ச மரத்துல ஆல்கஹாலும் வேண்டாம், பளபளப்பு போயிடும்.

தலையணை உறை இன்னும் பக்கெட்ல ஊறுது. கறை முழுசா போற வரைக்கும் அயர்ன் பக்கம் போகக் கூடாது, சூடு பட்டா கறை பிடிச்சுக்கும். அடுத்து சிவப்பு அடிங்கன்னு கமென்ட்ல கேட்டவங்களுக்கு: முதல்ல வந்து இந்த உறையைத் துவைச்சுக் குடுங்க, அப்புறம் பேசலாம்.