வாளா, வரியா?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம் சிவாஜிநகரிலிருந்தும் ஸ்ரீராமபுரத்திலிருந்தும் பஸ் பிடித்து இந்த அல்சூர் அரங்கத்துக்கு வந்திருக்கும் பெங்களூர்த் தமிழ்ச் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இங்கிலாந்தில் மன்னர் கையிலிருந்த அதிகாரம் நாடாளுமன்றத்தின் கைக்கு மாறியதே, மாற்றியது வாளா, வரியா? எனக்கு முன்னால் பேசிய தம்பி வாள்தான் என்றார். 1649 ஜனவரி 30 அன்று லண்டனில் முதலாம் சார்லஸ் மன்னரின் தலை வெட்டப்பட்டதை அவர் சொன்னபோது அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. நானும் கேட்டேன். ஆனால் தம்பி, அந்தக் கொலைமேடைக்கு மன்னர் எந்த வழியாக வந்து சேர்ந்தார் என்று நீங்கள் சொல்லவே இல்லையே!

நான் சொல்கிறேன், வரியின் வழியாக. 1625-இல் சார்லஸ் பட்டத்துக்கு வருகிறார். புது மன்னர் வந்தால் சுங்க வருமானத்தை அவருடைய ஆயுள் முழுவதற்கும் எழுதிக் கொடுப்பது அங்கே பழைய வழக்கம். இந்த முறை மக்களவை, ஓராண்டுக்கு மட்டும் தருகிறோம் என்றது. உரசல் முற்றி, 1629-இல் மன்னர் சபையைக் கலைத்தார். பதினொரு ஆண்டுகள் கூட்டவே இல்லை. சரி, செலவுக்கு? கப்பல் வரி என்று ஒன்று இருந்தது. ஆபத்துக் காலத்தில் கடற்படைக்காகக் கடலோர ஊர்கள் கொடுத்துவந்த வரி. அதை 1635-இல் கடலையே பார்க்காத உள்நாட்டு ஊர்களுக்கும் போட்டார்.

ஜான் ஹாம்ப்டன் என்றொரு நிலக்கிழார். அவர் பங்குக்கு வந்தது 20 ஷில்லிங். அவருக்கு அது ஒரு தொகையே அல்ல. ஆனாலும் கட்ட மாட்டேன் என்றார். சபை ஒப்புக்கொள்ளாத வரியை மன்னர் எப்படிக் கேட்கலாம் என்று வழக்கு. பன்னிரண்டு நீதிபதிகள். ஏழு பேர் மன்னர் பக்கம், ஐந்து பேர் ஹாம்ப்டன் பக்கம். தோற்றார். ஆனால் மன்னருக்குக் கீழே பதவியில் இருந்த நீதிபதிகளில் ஐந்து பேர், மன்னர் பக்கம் தீர்ப்புச் சொல்ல மறுத்துவிட்டார்களே! இதைப் படித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

1640-இல் ஸ்காட்லாந்தோடு போர். கஜானா காலி. வேறு வழியில்லாமல் சபையைக் கூட்டினார். அப்புறம் 1642 ஜனவரி 4. ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்ய ஆயுதப் படையோடு மக்களவைக்கே வந்துவிட்டார். ஐவரில் ஒருவர் அதே ஹாம்ப்டன். அவர்கள் முன்பே தப்பிப் போயிருந்தார்கள். எங்கே அவர்கள் என்று மன்னர் கேட்கிறார். சபாநாயகர் லெந்தால் மண்டியிட்டு, இந்தச் சபை பணித்தாலொழியப் பார்க்க எனக்குக் கண்ணும் இல்லை, பேச நாவும் இல்லை என்றார். ஐயா, அன்றைக்கு அந்த மண்டபத்தில் வாள் யாரிடம் இருந்தது? வெறுங்கையோடு திரும்பியது யார்?

பிறகு மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் மூண்ட போரில் நாடாளுமன்றம் ஜெயித்தது, உண்மை. ஜெயித்த வாள் என்ன செய்தது? 1653 ஏப்ரல் 20 அன்று நாடாளுமன்றப் படையின் தளபதி கிராம்வெல் படைவீரர்களை அழைத்துவந்து, மிச்சமிருந்த அந்த நாடாளுமன்றத்தையே வெளியே துரத்தினார். 1660-இல் மறுபடியும் முடியாட்சி. வாள் வாங்கிக் கொடுத்தது பன்னிரண்டு ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை.

பிறகு இரண்டாம் ஜேம்ஸ். 1685-இல் நாடாளுமன்றம் தாராள மனத்தோடு அவருக்கு ஆயுள் முழுக்க வருமானம் கொடுத்தது. பை நிறைந்தது. அந்த நவம்பரில் சபையை ஒத்திவைத்தவர், தம் ஆட்சி முடியும்வரை திரும்பக் கூட்டவில்லை. 1688-இல் ஜேம்ஸின் மருமகன், ஹாலந்தின் வில்லியம், அவரை இறக்கப் படையோடு வந்தார் என்று எதிரணி சொல்லும். வந்தார். ஆனால் அவர் வந்த பிறகு நடந்ததைப் பாருங்கள். நாடாளுமன்றத்தின் ஒப்புதலின்றிப் பணம் வசூலிப்பது சட்டவிரோதம் என்று 1689-இல் எழுதி வாங்கினார்கள். 1690-இல் சுங்க வருமானத்தை நான்கே ஆண்டுகளுக்குக் கொடுத்தார்கள்.

பிள்ளையை ஹாஸ்டலில் சேர்த்தால் நாலு வருஷச் செலவையும் முதல் நாளே கையில் கொடுப்போமா? மாதா மாதம்தானே அனுப்புகிறோம். அப்போதுதான் மாதம் ஒருமுறையாவது அவன் குரலைக் கேட்கலாம். அதே கணக்கு. 1689-க்குப் பிறகு அங்கே நாடாளுமன்றம் கூடாத ஆண்டு ஒன்றுகூட இல்லை.

நம் பக்கம் வருகிறேன். முதலாம் குலோத்துங்கனைச் சுங்கம் தவிர்த்த சோழன் என்று கொண்டாடுகிறோம். பெரிய மனசுதான். ஆனால் தவிர்த்தவனும் அவனே, திரும்ப விதிக்க நினைத்தால் விதிப்பவனும் அவனே. குடிமகனுக்குக் கிடைத்தது சலுகை.

நாம் சோறு உண்ணும் இந்த மைசூர்ச் சீமையில், செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த திவான் ரங்காசார்லு 1881-இல் பிரதிநிதிகள் சபையைத் தொடங்கினார். இந்தியச் சமஸ்தானங்களில் அது முன்னோடி. நமக்குப் பெருமை. ஆனாலும் அந்த உறுப்பினர்கள் குறைகளைச் சொல்லலாம், வரவுசெலவில் வாக்களிக்க முடியாது. வாயைத் திறந்துவிட்டார்கள், பையின் முடிச்சை அவிழ்த்துத் தரவில்லை. அதனால்தான் மக்கள் பிரதிநிதிகளுக்குப் பதில் சொல்லும் பொறுப்பாட்சிக்கு 1947 வரை, மைசூர் சலோ என்று மக்கள் தெருவில் இறங்கும்வரை, காத்திருக்க வேண்டியதாயிற்று.

மணி அடித்துவிட்டீர்கள், ஐயா. ஒரு நிமிடம். ஹாம்ப்டன் 20 ஷில்லிங்குக்காகக் கேட்ட கேள்விக்கான பதில் நம் அரசியல் சட்டத்தின் 265-ஆம் பிரிவில் இருக்கிறது. சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் விதிக்கப்படக் கூடாது, வசூலிக்கப்படவும் கூடாது. எதிரணித் தம்பி எழுந்து வந்து, இந்தப் பிரிவில் வாள் எங்கே இருக்கிறது என்று காட்டட்டும். நன்றி, வணக்கம்.